பங்குச் சந்தைத் தரவு டூலுக்கு ஏஐ ஏஜென்ட் படிக்கும்படி ஆவணம் எழுதுவது எப்படி?

கேள்வி | வடக்குவாசல்

இந்தியப் பங்குச் சந்தைத் தரவு தரும் ஒரு டூலை எம்சிபி (ஏஐ ஏஜென்ட்கள் வெளி டூல்களை அழைக்க உதவும் பொது நெறிமுறை) சர்வராக மாற்றியிருக்கிறோம். உள்ளே நான்கு டூல்கள்: நிறுவனத் தேடல், தினசரி விலை, நிதி முடிவுகள், மியூச்சுவல் ஃபண்ட் என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு). டெவலப்பர்களுக்காக எழுதிய ஏபிஐ ஆவணம் ஏற்கெனவே இருந்தது. அதைச் சுருக்கி ஒவ்வொரு டூலின் விளக்கத்திலும் போட்டோம். சர்வர் ஒழுங்காக ஓடுகிறது, பிழை எதுவும் வருவதில்லை. ஆனால் ஏஜென்ட் கடைசியில் சொல்லும் விடை தவறாக இருக்கிறது.

திரும்பத் திரும்ப வருபவை மூன்று. "2025 முதல் காலாண்டு லாபம் எவ்வளவு" என்று கேட்டால் ஒருமுறை 2024 ஏப்ரல்–ஜூன் வருகிறது, அடுத்த முறை 2025 ஜனவரி–மார்ச். விப்ரோவையும் டிசிஎஸ்ஸையும் ஒப்பிடச் சொன்னால் ஒன்று பத்து மடங்கு பெருத்து நிற்கிறது. ரிலையன்ஸ் பங்கு 2024 அக்டோபரில் ஒரே நாளில் பாதியாகச் சரிந்துவிட்டதாக அறிக்கை எழுதித் தருகிறது.

விளக்கத்தில் எதை எழுத வேண்டும், ஸ்கீமாவில் (டூல் ஏற்கும் உள்ளீடுகளின், அதாவது பாராமீட்டர்களின் வரையறையில்) எதைக் கட்ட வேண்டும், தனிப் பக்கத்துக்கு எதைத் தள்ளலாம்? விளக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில் 1 | ஐந்தொகை

டெவலப்பருக்கு எழுதிய ஆவணத்தைச் சுருக்கியதுதான் சிக்கலின் வேர். டெவலப்பர் ஒருமுறை படிப்பார், சந்தேகம் வந்தால் மாதிரித் தரவை அச்சிட்டுப் பார்ப்பார், "ஓ, இது லட்சத்தில் இருக்கிறது" என்று புரிந்துகொண்டு தன் நிரலில் ஒருமுறை திருத்திவிடுவார். ஏஜென்ட் ஒவ்வொரு உரையாடலிலும் புதிதாக வருகிறது. அதன் கண்ணில் படுபவை நான்குதான்: டூலின் பெயரும் விளக்கமும், பாராமீட்டர் ஸ்கீமா, திரும்பி வரும் தரவு, பிழைச் செய்தி. இந்த நான்கும் சேர்ந்ததுதான் உங்கள் ஆவணம். ஒரு குழப்பத்தை ஸ்கீமாவிலேயே அடைக்க முடிந்தால் அதை விளக்கத்தில் எச்சரிக்கையாக எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

காலாண்டிலிருந்து தொடங்குவோம். "2025 முதல் காலாண்டு" என்பதற்கு இந்தியச் சூழலில் மூன்று பொருள் உண்டு. 2024–25 நிதியாண்டின் முதல் காலாண்டு என்றால் 2024 ஏப்ரல்–ஜூன். 2025ஆம் ஆண்டில் தொடங்கும் நிதியாண்டின் முதல் காலாண்டு என்றால் 2025 ஏப்ரல்–ஜூன். காலண்டர் ஆண்டு என்றால் 2025 ஜனவரி–மார்ச். ஏஜென்டை இயக்கும் மொழி மாதிரிகள் படித்த உரையில் அமெரிக்கச் செய்திகள் மிகுதி என்பதால் மூன்றாவது பொருளுக்கு அடிக்கடி சாயும். விளக்கத்தில் "நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும்" என்று எழுதியும் இது முழுமையாக நிற்காது. ஆண்டு, காலாண்டு எண் என்ற இரண்டு பாராமீட்டரையும் எடுத்துவிட்டு, "காலம் முடியும் தேதி" என்று ஒன்றே ஒன்று வையுங்கள். 2024-06-30 என்ற தேதிக்கு இரண்டு பொருள் கிடையாது.

இதில் இன்னொரு பயனும் உண்டு. எல்லா நிறுவனமும் மார்ச்சில் கணக்கு முடிப்பதில்லை. ஏபிபி இந்தியாவுக்கு ஜனவரி–டிசம்பர்தான் நிதியாண்டு. நெஸ்லே இந்தியா காலண்டர் ஆண்டிலிருந்து மார்ச்சுக்கு மாறியபோது 2023 ஜனவரி 1 முதல் 2024 மார்ச் 31 வரை பதினைந்து மாதத்துக்கு ஒரே நிதியாண்டாகக் கணக்குக் காட்டியது. அதை முந்தைய பன்னிரண்டு மாதத்தோடு நேராக ஒப்பிட்டால் வளர்ச்சி விகிதம் பொய்யாக எகிறும். திரும்பி வரும் தரவில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, எத்தனை மாதம் ஆகிய மூன்றும் இருந்தால் ஏஜென்ட் தானே கவனிக்கும்.

நிதி முடிவுகள் டூலுக்கு நான் எழுதினால் விளக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"பட்டியலிட்ட ஓர் இந்திய நிறுவனம் பங்குச் சந்தையிடம் தாக்கல் செய்த நிதி முடிவை, ஒரு காலாண்டுக்கோ ஓர் ஆண்டுக்கோ தரும். காலாண்டா ஆண்டா என்று சொல்லி, காலத்தை அதன் கடைசி நாளால் மட்டும் குறிக்கவும். 2024 ஏப்ரல்–ஜூன் என்றால் 2024-06-30. பயனர் 'முதல் காலாண்டு' என்று சொல்லி, எந்த ஆண்டு என்பது ஐயமாக இருந்தால் அழைக்கும் முன் அவரிடம் கேட்கவும். ஒருங்கிணைந்த கணக்கா (துணை நிறுவனங்களும் சேர்ந்தது) தனிக்கணக்கா (அந்த நிறுவனம் மட்டும்) என்பதைக் கட்டாயம் குறிப்பிடவும். தொகைகள் கோடி ரூபாயில். இதில் இல்லாதவை: பங்கு விலை, ஆய்வாளர் கணிப்பு, டிவிடெண்ட் வரலாறு. விலைக்குத் தினசரி விலை டூலைப் பயன்படுத்தவும்."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். எது இல்லை என்று சொல்லாவிட்டால், ஏஜென்ட் டிவிடெண்டுக்கும் இதையே அழைக்கும். வந்த தரவில் அது இல்லை என்றதும் நினைவிலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் போட்டுவிடும் அபாயம் இருக்கிறது.

பதில் 2 | பேரேடு

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். அலகு பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டிசிஎஸ், இன்ஃபோசிஸ் இரண்டும் முடிவுகளைக் கோடியில் வெளியிடுகின்றன. விப்ரோ மில்லியனில். சிறிய நிறுவனங்கள் பல லட்சத்தில். ஒரு கோடி என்பது பத்து மில்லியன், நூறு லட்சம். உங்களுக்கு வரும் அந்தப் பத்து மடங்கு, தாக்கலில் இருந்த எண்ணை மாற்றாமல் அப்படியே கொடுப்பதால் வருவது. மாற்றும் வேலையை ஏஜென்டிடம் விடாதீர்கள், சர்வரிலேயே முடித்துவிடுங்கள்.

எதற்கு மாற்றுவது என்பதில் பலர் "முழு ரூபாயாகக் கொடுத்துவிடு, குழப்பமே இல்லை" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிசிஎஸ்ஸின் 2024–25 வருவாய் 2,55,324 கோடி ரூபாய். முழு ரூபாயில் எழுதினால் 2553240000000 என்று பதின்மூன்று இலக்கம். மாதிரி இதைத் துண்டு துண்டான டோக்கன்களாகப் படிக்கிறது. வரிசையாக நிற்கும் பூஜ்யங்களில் ஒன்று தவறினாலும் விடை பத்து மடங்கு மாறிவிடும். கோடியில் கொடுங்கள், அலகை ஃபீல்டின் (தரவின் ஒவ்வோர் உறுப்பின்) பெயரிலேயே சேருங்கள்: "வருவாய்_கோடி_ரூபாய்" என்பது போல. அலகைத் தலைப்பில் ஒருமுறை சொன்னால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஏஜென்ட் அந்த ஒரு ஃபீல்டை மட்டும் வெட்டி எடுத்து அடுத்த படிக்குக் கொண்டுபோகும்போது தலைப்பு உதிர்ந்துவிடும், பெயர் கூடவே போகும். எண்ணை எண்ணாகவே அனுப்புங்கள். 2,55,324 என்று இந்தியமுறைக் காற்புள்ளியோடு உரையாக அனுப்பினால் மூன்று இலக்கக் காற்புள்ளிக்கு எழுதிய நிரல் தடுமாறும்.

அடுத்தது வெற்றிடம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் மோசமான விடைகள் பல இங்கிருந்துதான் பிறக்கின்றன. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி காலாண்டு முடிவு 45 நாளுக்குள், ஆண்டு முடிவு 60 நாளுக்குள் வர வேண்டும். ஆனால் இருப்புநிலைக் குறிப்பும் பணப்புழக்க அறிக்கையும் அரையாண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயம். ஜூன் காலாண்டுக்கு ஒரு நிறுவனத்தின் கடன் எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலும் அப்படி ஓர் எண் வெளியாகியே இருக்காது. சில நிறுவனங்கள் மட்டும் தாமாகவே தருகின்றன. உங்கள் டூல் அங்கே வெற்று மதிப்பு (null) அனுப்பினால் ஏஜென்ட் "கடன் இல்லாத நிறுவனம்" என்று எழுத வாய்ப்புண்டு. பூஜ்யம் அனுப்பினால் நிச்சயம் எழுதும். வெற்று ஃபீல்டின் பக்கத்தில் காரணமும் போக வேண்டும்: "இந்தக் காலாண்டுக்கு வெளியிடப்படவில்லை, கடைசியாக வெளியானது 2024-03-31", "இந்த வகை நிறுவனத்துக்குப் பொருந்தாது", "எங்களிடம் இன்னும் ஏற்றப்படவில்லை". மூன்றும் வேறு வேறு நிலை, மூன்றுக்கும் ஏஜென்ட் சொல்ல வேண்டிய விடையும் வேறு.

"பொருந்தாது" என்பது வங்கிகளுக்குக் கண்டிப்பாகத் தேவைப்படும். வங்கியின் படிவத்தில் "செயல்பாட்டு வருவாய்" என்ற வரியே கிடையாது. வட்டி வருமானமும் இதர வருமானமும்தான். எல்லா நிறுவனத்துக்கும் ஒரே ஃபீல்டு வேண்டும் என்று வட்டி வருமானத்தைப் பிடித்து வருவாயில் திணித்தால், வங்கியையும் சிமென்ட் கம்பெனியையும் லாப விகிதத்தில் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலுக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஒருங்கிணைந்த கணக்கு, தனிக்கணக்கு பற்றி ஐந்தொகை சொன்னது சரி. இயல்புநிலை மதிப்பு வைக்காமல் கட்டாயப் பாராமீட்டராக வையுங்கள். ரிலையன்ஸுக்கு ஜியோவும் சில்லறை வணிகமும் துணை நிறுவனங்கள் வழியாக ஒருங்கிணைந்த கணக்கில்தான் வருகின்றன. தனிக்கணக்கை எடுத்து அதைக் குழுமத்தின் கதையாகச் சொன்னால் பாதி வீடு காணாமல் போகும்.

கடைசிக் காலாண்டு பற்றியும் வெளியீட்டிலேயே ஒரு குறிப்பு வேண்டும். மார்ச் காலாண்டின் எண், தணிக்கை செய்த முழு ஆண்டிலிருந்து முதல் ஒன்பது மாதத்தைக் கழித்து வரும் மீதி. ஆண்டு முழுவதற்குமான சரிக்கட்டல்கள் அதில் வந்து விழும். "நான்காம் காலாண்டில் செலவு திடீரென உயர்ந்தது" என்று ஏஜென்ட் காரணம் தேடும்போது இந்த ஒரு வரி கையில் இருப்பது நல்லது.

பதில் 3 | ஐந்தொகை

கோடியா ரூபாயா என்பதில் பேரேடு சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஒரு பங்குக்கான எண்களை, அதாவது இபிஎஸ் (ஒரு பங்குக்கான லாபம்), முகமதிப்பு, விலை ஆகியவற்றை ரூபாயிலேயே விட வேண்டும். "தொகைகள் கோடி ரூபாயில்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இபிஎஸ்ஸையும் கோடி என்று படிக்கும். நான் மேலே எழுதிய மாதிரி விளக்கத்திலேயே அந்தக் குறை இருக்கிறது. "ஒரு பங்குக்கான எண்கள் தவிர" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரிலையன்ஸ் பாதியான கதை. 2024 அக்டோபர் 28 அன்று ஒன்றுக்கு ஒன்று போனஸ் (கையில் உள்ள ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம்) நடைமுறைக்கு வந்தது. 2,650 ரூபாய் வாக்கில் இருந்த பங்கு 1,330 வாக்கில் வர்த்தகமானது. சரிக்கட்டாத, அதாவது இப்படிப்பட்ட நிகழ்வுக்கு ஏற்பப் பழைய விலைகளைத் திருத்தாத விலைத் தொடரில் இது 50 சதவீத வீழ்ச்சியாகத் தெரியும். "சரிக்கட்டியது: ஆம் / இல்லை" என்று ஒரு பாராமீட்டர் வைத்தால் மட்டும் போதாது, எதற்குச் சரிக்கட்டினீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். போனஸ், முகமதிப்புப் பிரிப்பு ஆகியவற்றுக்கு விகிதம் திட்டவட்டமானது. டிவிடெண்டுக்கும் சரிக்கட்டுவதா என்பது தேர்வு. தொழில் பிரிப்பு வந்தால் கணக்கே வேறு. ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்த 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸுக்குச் சிறப்பு முன்திறப்பு அமர்வு நடந்தது. முந்தைய நாள் முடிவு 2,841.85, அமர்வில் கிடைத்த விலை 2,580, ஆக வித்தியாசம் 261.85 ரூபாய். இதைப் பழைய விலைகளில் விகிதமாகக் கழிக்கிறீர்களா, தொடாமல் விடுகிறீர்களா? இரண்டு தரவுத்தளங்களில் ரிலையன்ஸின் பத்தாண்டு வருமானம் வேறு வேறாக வருவதற்கு இது போன்ற முடிவுகள்தான் காரணம். உங்கள் முடிவை ஒரே வாக்கியத்தில் விளக்கத்தில் எழுதுங்கள். கேட்ட தேதி வரம்புக்குள் விழும் நிகழ்வுகளை விலையோடு சேர்த்துத் தனிப் பட்டியலாகத் திருப்புங்கள். விலை பாதியான நாளின் பக்கத்திலேயே "போனஸ் ஒன்றுக்கு ஒன்று" என்று நின்றால் எந்த ஏஜென்டும் அதை வீழ்ச்சி என்று எழுதாது.

தேதி விஷயத்தில் இன்னொன்று: காலம் முடிந்த தேதியும் முடிவு வெளியான தேதியும் தனித்தனி ஃபீல்டாக வேண்டும். ஜூன் 30 காலாண்டின் லாபம் ஜூலை 1 அன்று யாருக்கும் தெரியாது. பழைய தரவில் ஓர் உத்தியைச் சோதிக்கும் ஏஜென்ட் வெளியான தேதியைப் பார்க்காவிட்டால், நாளைய செய்தித்தாளை இன்றே படித்ததுபோல் லாபம் காட்டும்.

கேள்வி கேட்டவர் | வடக்குவாசல்

மிக்க நன்றி இருவருக்கும். காலத்தை முடிவுத் தேதியாக மாற்றுவது இன்றே செய்யக்கூடியது. இரண்டு விஷயம் மீதம் இருக்கிறது. ஒன்று, என்ஏவி டூல். ஒரே ஃபண்டின் பெயருக்கு ஆறேழு முடிவுகள் வருகின்றன, ஏஜென்ட் முதலாவதை எடுத்துக்கொள்கிறது. இரண்டு, இவ்வளவையும் விளக்கத்தில் எழுதினால் மிக நீளமாகிவிடாதா? எம்சிபியில் ரிசோர்ஸாக (சர்வர் தரும் படிப்புக் கோப்பாக) தனியே வைக்கலாமா?

பதில் 4 | தறிக்கூடம்

ரிசோர்ஸில் முக்கியமான எச்சரிக்கை எதையும் வைக்காதீர்கள். எம்சிபி வடிவமைப்பில் டூலை அழைப்பது மாதிரியின் முடிவு. ரிசோர்ஸை உள்ளே கொண்டுவருவது அந்தச் செயலியின் முடிவு. இப்படிப்பட்ட செயலிகள் (கிளையன்ட்கள்) பல அதை எடுத்துத் தருவதே இல்லை. கலைச்சொல் அகராதி, முழு ஃபீல்டு பட்டியல் போன்றவை அங்கே இருக்கட்டும்.

நீளத்துக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். அழைக்கும் முன் தெரிய வேண்டியது விளக்கத்தில். அழைத்த பின் தெரிந்தால் போதும் என்பது வெளியீட்டில். மார்ச் காலாண்டு மீதிக் கணக்கு என்ற குறிப்பு மார்ச் காலாண்டைக் கேட்டால் மட்டும் வரட்டும்; வங்கி பற்றிய குறிப்பு வங்கியைக் கேட்டால் மட்டும். டூல் விளக்கங்கள் உரையாடல் முழுவதும் சூழலில் உட்கார்ந்து டோக்கன் தின்னும், வெளியீட்டுக் குறிப்பு தேவைப்படும்போது மட்டும் வரும். இப்படிப் பிரித்தால் ஒரு டூலுக்கு எட்டுப் பத்து வாக்கியத்தில் அடங்கிவிடும்.

என்ஏவிக்கு வருவோம். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தினமும் வெளியிடும் கோப்பில் ஒரு வரிக்கு ஆறு பகுதி: திட்டக் குறியீடு, இரண்டு ஐசின் (பங்கு, ஃபண்டுகளுக்கான பன்னாட்டு அடையாள எண்), திட்டப் பெயர், என்ஏவி, தேதி. அரைப்புள்ளியால் பிரித்திருக்கும். டைரக்ட் (இடைத்தரகர் இல்லாமல் வாங்குவது), ரெகுலர் (இடைத்தரகர் வழியாக வாங்குவது) என்று இரண்டு திட்ட வகை. ஒவ்வொன்றிலும் குரோத் (லாபம் உள்ளேயே சேரும்), ஐடிசிடபிள்யூ (அவ்வப்போது பணம் பட்டுவாடா ஆகும்) என்ற விருப்பங்கள். ஐடிசிடபிள்யூவுக்குள்ளும் மாதம், காலாண்டு என்று பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, தனி என்ஏவி. ஆறேழு முடிவு வருவது இயல்பு. தேடலின் வெளியீட்டில் பெயரை மட்டும் அடுக்காமல் திட்ட வகையையும் விருப்பத்தையும் பிரித்துத் தனி ஃபீல்டாகக் கொடுங்கள். என்ஏவி டூல் பெயரை ஏற்கவே கூடாது, திட்டக் குறியீட்டை மட்டும் ஏற்க வேண்டும். விளக்கத்தில்: "பயனர் டைரக்டா ரெகுலரா என்று சொல்லவில்லை என்றால் தேர்ந்தெடுக்க வேண்டாம், கேட்கவும். வருமானம் கணக்கிடக் குரோத் விருப்பத்தை மட்டும் பயன்படுத்தவும். ஐடிசிடபிள்யூவில் பணம் பட்டுவாடா ஆகும்போது என்ஏவி இறங்கும்." டைரக்ட் திட்டங்கள் 2013 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கின. அதற்கு முந்தைய தேதியை டைரக்ட் குறியீட்டோடு கேட்டால் வெற்றுப் பட்டியல் அனுப்பாமல் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். ஐடிசிடபிள்யூ என்ற பெயர் 2021 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் டிவிடெண்ட் விருப்பம். பயனர்கள் இன்னும் டிவிடெண்ட் என்றே கேட்பார்கள், தேடல் இரண்டையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும். கோப்பில் என்ஏவி இடத்தில் எண்ணுக்குப் பதில் "என்.ஏ." என்ற எழுத்துகளும், ஐசின் இடத்தில் வெறும் சிறுகோடும் வரும், அவற்றை ஏற்றும்போதே பிடித்துவிடுங்கள்.

பிழைச் செய்திகளை ஆவணத்தின் பகுதியாக உட்கார்ந்து எழுத வேண்டும். "தவறான உள்ளீடு 400" என்பதைப் பார்த்து ஏஜென்ட் அதையே இன்னும் மூன்று முறை அழைக்கும். "2024-06-31 என்ற தேதி இல்லை. ஜூன் காலாண்டுக்கு 2024-06-30 என்று அனுப்பவும்" என்றால் அடுத்த அழைப்பிலேயே சரியாகிவிடும். இது மாதிரியின் கைக்குச் சேர வேண்டுமானால், டூலின் முடிவாகவே, பிழை என்ற கொடியை ஏற்றி அனுப்புங்கள். நெறிமுறைப் பிழையாக எறிந்தால் கிளையன்ட் அதை மாதிரிக்குக் காட்டாமல் விழுங்கிவிடலாம்.

விலை டூலில் வரம்பு வையுங்கள். ஆண்டுக்குச் சுமார் 248 வர்த்தக நாள். பத்தாண்டு கேட்டால் 2,480 வரி. ஜேசன் (JSON) தரவு வடிவில் ஒவ்வொரு வரியிலும் ஃபீல்டு பெயர் திரும்பத் திரும்ப வரும், சூழல் நிரம்பிவிடும். மாத இறுதி விலை, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) வடிவம் என்ற இரண்டு வழியைக் கொடுங்கள். வெட்டி அனுப்பினால் "2,480இல் முதல் 250 வரி மட்டும்" என்று எழுதியே அனுப்புங்கள். சொல்லாமல் வெட்டினால் கிடைத்ததை முழுத் தொடர் என்று நம்பி உயர்ந்தபட்ச விலை கண்டுபிடிக்கும்.

எழுதி முடித்ததும் விடை தெரிந்த முப்பது நாற்பது கேள்விகளை எழுதி ஓட்டிப் பாருங்கள். அவற்றில் கால் பங்காவது "தரவு இல்லை" அல்லது "எது வேண்டும்?" என்பதே சரியான விடையாக இருக்கும் கேள்விகளாக இருக்கட்டும். தமிழிலும் கேளுங்கள்: "நிகர லாபம்", "விற்றுமுதல்", "போன வருஷம் இதே காலாண்டு". தவறியவற்றில் இறுதி விடையைப் பார்க்காமல் எந்தப் பாராமீட்டர் தவறாகப் போனது என்று லாகில் பாருங்கள். ஒரே பாராமீட்டர் மூன்று கேள்வியில் தவறினால் அதன் விளக்கத்தை நீட்டுவதற்கு முன், அந்தப் பாராமீட்டரே வேண்டுமா என்று யோசியுங்கள்.

பதில் 5 | பேரேடு

விட்டுப்போன இரண்டு. மஹிந்திராவின் என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) குறியீடு எம்&எம். அந்த '&' யூஆர்எல்லில் அப்படியே போனால் அடுத்த பாராமீட்டர் தொடங்கிவிட்டது என்று சர்வர் நினைத்து வெறும் "எம்" என்று தேடும். சர்வருக்குள்ளேயே %26 ஆக மாற்றுங்கள், ஏஜென்டை மாற்றச் சொல்லி விளக்கத்தில் எழுதாதீர்கள்; எழுதினால் சில சமயம் இரண்டு முறை மாற்றிவிடும். குறியீடுகளும் மாறுகின்றன: சொமேட்டோ 2025 ஏப்ரலில் எடர்னல் ஆனது. முகமதிப்பைப் பிரித்தால் ஐசினும் மாறும். ஆகவே உங்கள் சொந்த நிரந்தர எண் ஒன்றைத் தேடல் டூல் தரட்டும், மற்ற டூல்கள் அதை மட்டும் ஏற்கட்டும்.

விடுமுறையை ஏஜென்ட் தானாகக் கணிக்கக் கூடாது என்றும் விலை டூலில் எழுதுங்கள். 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை, பட்ஜெட் நாள் என்பதால் சந்தை முழு நேரம் நடந்தது. 2024 நவம்பர் 1 அன்று தீபாவளி முகூர்த்த வர்த்தகம் மாலையில் ஒரு மணி நேரம்தான். அந்த நாளின் வர்த்தக அளவை மற்ற நாளோடு ஒப்பிட முடியாது. வர்த்தகமில்லாத நாளைக் கேட்டால் முந்தைய வர்த்தக நாளின் விலையை, அந்த உண்மையான தேதியோடும் "கேட்ட தேதியில் வர்த்தகம் இல்லை" என்ற குறிப்போடும் அனுப்புங்கள்.